லட்டுவுக்குக் கோபமா, குழப்பமா?

கேள்வி: எங்கள் ஷிட்ஸூ வகை நாய்க்குட்டி லட்டுவுக்கு நாலரை மாதம். மூன்றாவது மாடி ஃப்ளாட். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். அவன் உச்சா போவதற்காக ஹால், பெட்ரூம், பால்கனி என்று மூன்று இடத்தில் ஈரம் உறிஞ்சும் பேட் (pad) விரித்து வைக்கிறோம். அதை விட்டுவிட்டு வாசல் மிதியடியிலும் பாத்ரூம் மேட்டிலும் உச்சா போகிறான். பேடைக் கிழித்தும் போடுகிறான். மிதியடியைக் காட்டித் திட்டினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான். தப்பு என்று தெரிந்தே செய்கிறானா? தனியாக விட்டுப் போகிற கோபமா?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: கோபமெல்லாம் இல்லை. லட்டு தன் கணக்கில் சரியாகத்தான் செய்கிறான். பேடை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அப்புறம் பாத்ரூம் மேட்டைத் தடவிப் பாருங்கள். இரண்டும் மெத்தென்று இருக்கும், இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். காலுக்கு எப்படி இருக்கிறது, மூக்குக்கு என்ன வாசனை வருகிறது என்பதை வைத்துத்தான் குட்டி இடம் பார்க்கும். ‘மெத்தென்று இருந்தால் போகலாம்’ என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அதனால் மிதியடி, மேட், தரைவிரிப்பு எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்குச் சுருட்டிப் பரணில் போடுங்கள். வீடு மொட்டையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

தலையைத் தொங்கப் போடுவது குற்ற உணர்ச்சி என்றுதான் நானும் வெகுநாள் நம்பினேன். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். தப்பே செய்யாத நாயும், திட்டு விழுந்தால் அதே முகத்தைத்தான் காட்டியது. காலை பதினொரு மணிக்குப் போன உச்சாவையும் மாலை ஆறரைக்கு விழும் திட்டையும் லட்டுவால் முடிச்சுப் போட முடியாது. நீங்கள் வீட்டுக்குள் வரும்போது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்வான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலரை மாதக் குட்டியால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. உங்கள் வீட்டிலோ பத்து மணி நேரத் தனிமை. பேட் இருந்தாலும் அது அதிகம். வேலைக்கு வரும் அக்காவோ, எதிர் ஃப்ளாட்டில் இருப்பவர்களோ மதியம் ஒருமுறை வந்து, நனைந்த பேடை மாற்றிச் சாப்பாடு வைத்து, பத்து நிமிடம் விளையாடிவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள். குட்டிக்கு எப்படியும் மதியச் சாப்பாடு வேண்டுமே.

மூன்று பேட் வேண்டாம், இடம் ஒன்றே ஒன்று போதும். கடைகளில் பிளேபென் என்று விற்கும் கம்பித் தடுப்பை வாங்கி ஹால் மூலையில் நிறுத்துங்கள். ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், மறு கோடியில் பேட். படுக்கிற இடத்தைப் பெரும்பாலான குட்டிகள் அசிங்கம் செய்யாது, அந்தப் பழக்கம் உங்களுக்குக் கை கொடுக்கும். முதல் பத்து நாள் படுக்கையைத் தவிர மீதித் தரை முழுக்கப் பேட் விரித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். புதுப் பேட் போடும்போது பழையதில் உள்ளங்கை அளவு துண்டை அடியில் வையுங்கள், மூக்கு வழி காட்டும்.

உண்மையான பயிற்சி சனி, ஞாயிறில்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பதினைந்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் பேடுக்குக் கூட்டிப்போங்கள். தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நடக்க விடுங்கள். வழி காலுக்குப் பழக வேண்டும். ‘உச்சா போ’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். போய் முடித்த அந்த நொடியில், பேட் மேலேயே, வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள். சமையலறைக்கு ஓடி எடுத்து வருவதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே அவனுக்கு மறந்துவிடும், பாக்கெட்டில் தயாராக வைத்திருங்கள்.

வேறு இடத்தில் போய்விட்டால் ஃபினாயில் ஊற்றித் துடைத்துவிட்டு நிம்மதியாகாதீர்கள். நம் மூக்குக்கு வாடை போய்விடும், அவன் மூக்குக்குப் போகாது. கறுப்பு ஃபினாயில் நாய்க்கு விஷம், பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், அதுவே உச்சா வாடைதான். செல்லப்பிராணிக் கடையில், உச்சா வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் கிளீனர் கேட்டு வாங்கி, டைல்ஸ் இடுக்கில் ஊறவிட்டுத் துடையுங்கள்.

கிழிக்கிறான் என்றீர்களே, அதை விளையாட்டாக விடாதீர்கள். உள்ளே இருப்பது குழந்தை டயாப்பரில் இருக்கும் அதே ஜெல். நிறைய விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளலாம். பேடின் ஓரங்களைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சட்டம் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். கடித்து விளையாட ஒரு ரப்பர் பொம்மையும் போட்டுவிட்டுப் போங்கள்.

உச்சா குறையட்டும் என்று பகலில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது சிலர் வழக்கம். சென்னை வெயிலில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ இது பயிற்சி விவகாரமே இல்லை, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஷிட்ஸூ நாய்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் வருவது சகஜம்.

அப்புறம், லட்டு ஆண் குட்டி. இன்னும் சில மாதத்தில் காலைத் தூக்க ஆரம்பிக்கலாம், அப்போது பேட் காய்ந்திருக்கும், சுவர்தான் நனையும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பேடைச் சுற்றிக் கட்டி, விரித்த பேடின் நடுவில் நிறுத்திவிடுங்கள். கம்பம் கிடைத்த சந்தோஷத்தில் அவன் சுவரை மறந்துவிடுவான்.