ஐஸ் ஹொக்கிக்காரருக்கு இவ்வளவு சம்பளம் தகுமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி: வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஐஸ் ஹொக்கி ஆடுகிறவர்களில் முன்னணியில் இருப்பவர்கள் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து மில்லியன் டொலர் வாங்குகிறார்கள். ஒரு தாதி வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு சேராது. இது நியாயமா?

தகும் என்பதுதான் என் கட்சி. இதைச் சொல்கிறவன் ரொறன்ரோவில் இருந்துகொண்டு, 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடாத மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக வருசா வருசம் வயிறெரிகிறவன். என் மனைவி தாதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் இந்த விவாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே நடந்து முடிந்தது. முடிந்தது என்று நான் மட்டும்தான் சொல்கிறேன்.

அவர் கேட்டது இதுதான்: "இஞ்சேருங்கோ, உந்த மத்யூஸுக்கு வருசத்துக்குப் பதின்மூண்டு மில்லியனோ? ஆரின்ர உயிரைக் காப்பாத்துறார் எண்டு குடுக்கினம்?"

கணக்குச் சரிதான். லீஃப்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ஓஸ்டன் மத்யூஸின் ஒப்பந்தம் நாலு ஆண்டுக்கு 53 மில்லியன், சராசரி 13.25 மில்லியன், அதுவும் அமெரிக்க டொலரில். வழக்கமான 82 ஆட்டத்தால் பிரித்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அந்த ஆட்டத்தில் அவர் ஐஸில் நிற்பது இருபது நிமிடம் சொச்சம். கேட்கிறவருக்குத் தலை சுற்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 2004-05இல் என்.எச்.எல். முதலாளிமார் கதவடைப்புச் செய்து ஒரு முழுப் பருவத்தையே இல்லாமல் ஆக்கினார்கள். அதன் முடிவில் வந்ததுதான் அணிச் சம்பளத்துக்கான உச்சவரம்பு. 2005-06இல் ஓர் அணிக்கு 39 மில்லியன், 2025-26இல் 95.5 மில்லியன். இந்த எண்ணை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. ரிக்கெற், தொலைக்காட்சி உரிமை, அரங்கில் விற்கிற பியர், சட்டை என்று ஹொக்கியால் வருகிற வருமானத்தைக் கூட்டி, அதில் வீரர்களின் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. முன்பு 57 வீதம் வரை போனது. 2012-13 கதவடைப்புக்குப் பிறகு சரிபாதி. பங்கைத் தாண்டிக் காசு போய்விடக் கூடாது என்று சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிற ஏற்பாடும் உண்டு. கொரோனாப் பருவத்தில் அந்தப் பிடிப்பு 20 வீதம்.

ஆகவே நாளைக்கே எல்லா வீரரின் சம்பளத்தையும் பாதியாக வெட்டினால் மிச்சக் காசு தாதியருக்குப் போகாது. ரிக்கெற் விலையும் குறையாது. முதலாளியின் பைக்குத்தான் போகும்.

ரிக்கெற் விலையைப் பற்றிச் சிலர் அடம்பிடிப்பார்கள்: வீரருக்குக் கொட்டிக் கொடுப்பதால்தான் நாங்கள் உள்ளே போக முடியவில்லை என்று. 32 அணிக்கும் உச்சவரம்பு ஒன்றுதான். அப்படியென்றால் ரிக்கெற்றும் எல்லா ஊரிலும் ஒரே விலைக்கல்லவா விற்க வேண்டும்? ரொறன்ரோவில் ஒரு குடும்பம் ஆட்டம் பார்க்கப் போகிற காசுக்கு வேறு சில ஊர்களில் பல ஆட்டம் பார்த்துவிடலாம். அரிசோனா அணி கடைசி இரண்டு பருவம் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கொள்ளும் பல்கலைக்கழக அரங்கில் ஆடியது. அவர்களுக்கும் இதே உச்சவரம்புதான். இங்கே சனம் என்ன விலை என்றாலும் வாங்குகிறது, அதனால் அந்த விலை. என்னைப் போன்றவர்கள்தான் காரணம்.

முதலாளியின் பக்கம் என்ன நடக்கிறது என்பதை ஒட்டாவா செனற்றர்ஸ் அணியை வைத்துச் சொல்கிறேன். 2003இல் அது 92 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. 2023இல் 950 மில்லியன் மதிப்பில் கைமாறியது. விற்கும்போது அந்த அணி ஆறு பருவமாக, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கிற பிளேஓஃப் சுற்றுகளின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை! இப்படி ஏறிய மதிப்பில் ஐஸில் இறங்கியவனுக்கு ஒரு சதமும் கிடையாது. லாஸ் வேகஸ் 500 மில்லியன், சியற்றில் 650 மில்லியன் கட்டி லீக்கில் சேர்ந்தன. அந்த நுழைவுக் கட்டணமும் பங்கு பிரிக்கிற வருமானத்துக்குள் வராது. 'சரிபாதி' என்பதே உண்மையில் பாதிக்குக் குறைவு.

இந்தப் பங்கும் சும்மா கிடைத்ததல்ல. கோர்டி ஹவ் என்றால் ஹொக்கி உலகில் கடவுள் மாதிரி. டிற்றொயிற் ரெட் விங்ஸ் அணியில் 25 பருவம் ஆடினார். பதின்ம வயதில் அவர் கையெழுத்துப் போட்டபோது கேட்டு வாங்கியது அணியின் பெயர் போட்ட ஒரு ஜக்கெற். அதைக்கூட உடனே கொடுக்கவில்லை. பிறகும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அணியிலேயே, லீக்கிலேயே தனக்குத்தான் சம்பளம் கூட என்று ஆண்டுக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார், ஏனென்றால் நிர்வாகம் அப்படிச் சொன்னது. 1960களின் கடைசியில் அணிக்கு வந்த பொப் போன் தன் சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் சொன்னார். ஹவ்வைவிடக் கணிசமாகக் கூட. நேரே முதலாளியிடம் போய் ஒரு லட்சம் டொலர் கேட்டார் ஹவ், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். அதற்கு முன்னே போன ஆண்டுகளின் காசை யார் கொடுப்பது?

அவருடன் ஒரே வரிசையில் ஆடிய ரெட் லின்ட்சே 1957இல் வீரர்களுக்கு ஒரு சங்கம் கட்டப் பார்த்தார். ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டது பெரிய குற்றமாகிவிட்டது. அந்தப் பருவத்தில் மிக நன்றாக ஆடியவரை, கடைசியில் கிடந்த சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். சங்கம் அத்தோடு படுத்தது, திரும்ப எழும்ப 1967 ஆனது. அப்போது வந்த சங்கத் தலைவர் அலன் ஈகிள்சன் வீரர்களை ஏய்த்ததற்காக 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனது தனிக்கதை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இன்றைக்கு யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது அல்லவா, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, அந்தச் சம்பளத்துக்கு என்ன வேலை செய்கிறார்கள்? 2013 யூன் மாதம், பொஸ்ரன் அணிக்கும் பிற்ஸ்பர்க் அணிக்கும் அரையிறுதி. பொஸ்ரனுக்கு ஓராள் குறைவு. பிற்ஸ்பர்க்கின் எவ்கெனி மல்கின் ஓங்கி அடித்த பக்கைத் தடுக்க கிரெகரி காம்பெல் குறுக்கே விழுந்தார். பக் என்பது கெட்டி ரப்பர், இந்த மட்டத்தில் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வரக்கூடியது. வலது காலில் பட்டு எலும்பு முறிந்தது. மாற்றாள் வர வழியில்லை. மனுசன் எழும்பி, ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டு, மட்டையை நீட்டியபடி ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் இடத்தில் நின்றார். காணொளியைத் தேடிப் பாருங்கள். அந்த வலது கால் ஐஸில் சரியாக ஊன்றவே மாட்டாது. அன்று பொஸ்ரன் வென்றது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிளேஓஃப் ஆட்டங்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வழக்கமான பருவத்தோடு முடிகிறது. பிறகு, எத்தனை சுற்று கடந்தார்கள் என்பதைப் பொறுத்து லீக் வைத்திருக்கிற ஒரு பொதுத் தொகையில் பங்கு வரும், பெரிய ஆட்டக்காரரின் சம்பளத்தோடு பார்த்தால் அது சில்லறை. காம்பெல் கால் முறித்துக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

டேவிட் அயர்ஸைக் காட்டி மடக்குகிறவர்களும் உண்டு. 2020 பெப்ரவரி 22, ரொறன்ரோ. விருந்தாளியாக வந்த கரோலைனா அணியின் இரண்டு கோல் காப்பாளரும் காயம். அவசரத்துக்கென்று அரங்கில் உட்கார்ந்திருந்த அயர்ஸை இறக்கினார்கள். 42 வயது, சிறுநீரகம் மாற்றியவர், ஐஸை வழவழப்பாக்குகிற ஜாம்போனி வண்டி ஓட்டியவர். கோலை நோக்கி வந்த பத்து அடியில் எட்டைத் தடுத்து, எங்கள் லீஃப்ஸை 6-3 என்று தோற்கடித்தார். கூலி 500 டொலர். அப்படியென்றால் மில்லியன் கொடுப்பது எதற்கு என்பார்கள். உண்மையில் அன்று கரோலைனாவின் மற்றவர்கள் உயிரைக் கொடுத்து அவர் முன்னால் சுவராக நின்றார்கள், அதனால்தான் அரை ஆட்டத்துக்கு வெறும் பத்து அடி. லீஃப்ஸ் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

தகாத சம்பளமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நியூயோர்க் ஐலன்டர்ஸ் 2006இல் ரிக் டிப்பியற்றோ என்ற கோல் காப்பாளருக்கு 15 ஆண்டுக்கு 67.5 மில்லியன் எழுதிக் கொடுத்தது. காயத்துக்கு மேல் காயம். 2013இல் ஒப்பந்தத்தை முறித்தார்கள், முறித்ததற்காக 2029 வரை ஆண்டுக்கு 1.5 மில்லியன் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேனாவைப் பிடித்தது முதலாளி. மறுபக்கம் கொனர் மக்டேவிட், இன்றைய ஹொக்கியில் அவருக்கு நிகரில்லை. விதிப்படி அணி உச்சவரம்பில் 20 வீதம் வரை ஒருவர் கேட்கலாம், அதாவது 2026-27இல் 20 மில்லியனுக்கு மேல். அவர் பழைய 12.5 மில்லியனுக்கே இன்னும் இரண்டு ஆண்டு கையெழுத்துப் போட்டார். மினசோட்டாவின் கிரில் கப்ரிசொவ் 17 மில்லியன் வாங்கப் போகிறார் என்று வாயைப் பிளக்கிறவர்கள், மக்டேவிட் விட்டுக்கொடுத்ததைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

எனக்குக் கோபம் வருவது கீழ்வரிசைக்காரரைப் பார்க்கும்போது. டெரெக் பூகார்டின் வேலை அணிக்காக ஐஸில் சண்டை பிடிப்பது. நியூயோர்க் ரேஞ்சர்ஸ் நாலு ஆண்டுக்கு 6.5 மில்லியன் கொடுத்து எடுத்தது. ஓராண்டுக்குள், 2011 மேயில், 28 வயதில் இறந்துபோனார், மதுவும் வலிமருந்தும் சேர்ந்து. மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற சி.ரி.இ. நோய் இருந்தது. தலையடியால் பாதிக்கப்பட்டோம் என்று வழக்குப் போட்ட 318 முன்னாள் வீரர்களோடு லீக் 2018இல் சமரசம் செய்தது. மொத்தம் 18.9 மில்லியன். தலைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 22,000 டொலர், தவறை ஏற்றுக்கொள்ளாமலே. மத்யூஸின் ஓர் ஆட்டக் காசில் ஏழில் ஒரு பங்கு.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டார்: "அப்ப எங்கட ஆஸ்பத்திரியிலயும் ரிக்கெற் வித்தால் எனக்கும் அரைவாசி தருவினமோ?"

நல்ல கேள்வி. தாதியருக்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது. 2019இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த சட்டமூலம் 124, பொதுத்துறை ஊழியரின் சம்பள உயர்வை மூன்று ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 1 வீதத்தில் கட்டிப்போட்டது. நடுவில் கொரோனா. நீதிமன்றம் 2022இல் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. மேல்முறையீட்டிலும் தோற்றபிறகுதான், 2024இல், அரசு விலக்கிக்கொண்டது. தாதியின் சம்பளத்தைக் குறுக்கியவர்கள் குயின்ஸ் பார்க்கில், அதாவது ஒன்ராறியோ சட்டமன்றத்தில், இருந்தவர்கள். லீஃப்ஸின் உடைமாற்றும் அறையில் யாரும் அதற்குக் கை தூக்கவில்லை.

வரிக்காசு ஹொக்கிக்குள் போகிற இடம் ஒன்று உண்டு, அது அரங்கு. கல்கரியில் பழைய சடில்டோமுக்குப் பதிலாகக் கட்டுகிற புது அரங்குக்கு நகரசபை 500 மில்லியன் கனடிய டொலருக்கு மேல் போடுகிறது. தாதியும் ஆசிரியரும் கட்டுகிற வரிதான் அது. ஒன்ராறியோவில் ஆடுகிற மத்யூஸ் மேல்தட்டு வருமானத்தில் 53 வீதத்துக்கு மேல் வரி கட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறார். அணி முதலாளிக்கு நகரசபை அரங்கு கட்டிக் கொடுக்கிறது. யாரைக் கேள்வி கேட்பது என்று நீங்களே பாருங்கள்.

தகுதிக்குக் குறைவாக வாங்குகிற ஹொக்கிக்காரர் யாரென்று என்னைக் கேட்டால் பெண்கள் என்பேன். பி.டபிள்யூ.எச்.எல். லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று ரொறன்ரோவில் நடந்தது. அந்த முதல் பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டொலர், சராசரி 55,000. அதே பருவத்தில் ஆண்களின் லீக்கில் குறைந்தபட்சமே 775,000. பெண்களின் ஆட்டத்துக்கு யார் வருவார் என்று கேட்டவர்களுக்கு ஏப்ரலில் மொன்றியல் பெல் சென்ரரில் 21,105 பேர் வந்து பதில் சொன்னார்கள். ஆனால் அவர்களின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 3 வீத உயர்வு என்று முன்கூட்டியே எழுதப்பட்டு 2031 வரை ஓடுகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் அவர்கள் வருமானத்தில் பங்கு கேட்டே ஆகவேண்டும். அதுவரை எங்கள் வீட்டு ஹொக்கிக் காசின் பெரும்பகுதி அவர்களின் ரிக்கெற்றுக்குத்தான். மனைவியும் வருகிறார்.