இலுப்பைக் கொட்டைக்குத் தகர டப்பா எதற்கு?

ஐயா,
குடியாத்தம் பக்கத்தில் எங்கள் நிலத்துக் கிணற்றோரம் பழைய இலுப்பை ஒன்று நிற்கிறது. சென்ற ஆடியில் அதன் கொட்டைகளைப் பொறுக்கிக் காயவைத்துத் தகர டப்பாவில் வைத்திருந்தேன். தை பிறந்ததும் நாற்பது கொட்டை ஊன்றினேன்; ஒன்றுகூட முளைக்கவில்லை. மண் சரியில்லையா? இலுப்பை எண்ணெயில் சமைக்கலாமா? வௌவால் வந்து அசிங்கம் செய்கிறது, காட்டு மரம்தானே, வெட்டிவிடு என்கிறார் அண்ணன். என்ன செய்ய?
க.

அன்புள்ள க.,

மண்ணின் மேல் பழி போடாதீர்கள். காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்க அது கேழ்வரகு அல்ல. இலுப்பைக் கொட்டை காயக் காய உயிரை விட்டுவிடும். சில வாரங்கள் தாங்கினாலே அதிகம். தையில் நீங்கள் ஊன்றியது செக்குக்குப் போயிருக்க வேண்டியது. எண்ணெய் எங்கள் வீட்டில் விளக்குக்குத்தான். மார்கழியில் நெய்போல உறைந்துவிடும். சமையலைப் பிறகு பேசலாம். அண்ணன் சொன்னதுதான் என்னை உறங்கவிடவில்லை.

ஒடுகத்தூர் பக்கம் என் ஆயாவின் ஊர். ஆடி மாதத்தில் விடியுமுன் என்னை எழுப்பி அழைத்துப்போவாள், இலுப்பையடிக்கு அல்ல, இரண்டு கழனி தள்ளி நின்ற புளியமரத்தடிக்கு. "கூலி கேட்காத ஆள் உரித்து வைத்திருக்கிறான், வா" என்பாள். அந்த ஆள் பழந்தின்னி வௌவால். இலுப்பைப் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்து, தலைகீழாகத் தொங்கிச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். விடியலில் அடியில் பளபளவென்று கிடக்கும். ஆயா மடி நிறையப் பொறுக்குவாள். எண்ணெய் விளக்குக்கு, பிண்ணாக்கு எங்கள் தலைக்கு. நுரை கண்ணில் பட்டு நான் அலறியது இன்னும் நினைவிருக்கிறது. அவள் கண்ணுக்குத் தப்பிய கொட்டைகள் அந்த மழையிலேயே முளைத்து நிற்கும்.

உங்கள் கிணற்றோர மரத்தை நட்டது யார் என்று அண்ணனைக் கேளுங்கள். தாத்தா என்பார். நட்டதைக் கண்டவர் உண்டா? ஏதோ ஓர் இரவில் அங்கிருந்த மரத்தில் தொங்கிய வௌவால் போட்ட கொட்டையாகவும் இருக்கலாம். விதைத்தவன் வந்து பழம் தின்றால் அசிங்கமா? கொட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் தரும் மரம், ஊர்க் கோயில்களுக்கெல்லாம் விளக்கெரித்த மரம், உங்கள் வீட்டில் எப்போது காட்டு மரம் ஆயிற்று? 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமே இந்த வௌவாலை எலியோடும் காக்கையோடும் தொல்லை உயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. சட்டம் திருந்த ஐம்பது ஆண்டு ஆயிற்று. அண்ணனுக்கு அவ்வளவு அவகாசம் தர முடியாது, கோடரி அவர் கையில் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது கொட்டை ஊன்றிக் காத்திருந்த உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. வரும் ஆடியில் விடியுமுன் பக்கத்துப் புளிய மரத்தடியிலோ மாமரத்தடியிலோ தேடிப் பாருங்கள். டப்பா வேண்டாம், ஈரச் சாக்கு போதும். அன்று பொழுது சாய்வதற்குள் ஊன்றிவிடுங்கள். அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள்.