விதவையின் புட்டியும் அமெரிக்க வேரும்

கேள்வி: ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற கிறித்தவத் துறவி என்று படித்தேன். ஒரு துறவி மது காய்ச்சியது உண்மைதானா? — வாசகி, திண்டுக்கல்

பதில்: துறவி இருந்தது உண்மை, அவர் ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தார் என்பதுதான் உண்மையல்ல. பியேர் பெரிஞோன் (‘டோம்’ என்பது துறவிகளுக்கான அடைமொழி) 1668ஆம் ஆண்டு முதல் 1715இல் மறையும் வரை, நுரைக்கும் அந்தத் திராட்சை மதுவுக்குப் பெயர் தந்த பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் ஓவில்லே என்னும் ஊரிலிருந்த மடத்தின் பண்டகப் பொறுப்பாளராக இருந்தார். திருப்பலிக்குத் திராட்சை ரசம் வேண்டும், மடத்தின் வருமானத்துக்கும் அது வேண்டும் என்பதால், துறவிகள் திராட்சைத் தோட்டம் வைத்திருந்ததை அன்று யாரும் தவறாக நினைக்கவில்லை.

இன்று நாம் ஷாம்பெய்னின் அழகு என்று கொண்டாடும் நுரைதான் அவருக்குத் தலைவலியாக இருந்தது. குளிர் மிகுந்த அந்த வடபகுதியில், அறுவடைக்குப் பின் தொடங்கும் நொதித்தல் பனிக்காலத்தில் பாதியிலேயே நின்றுவிடும். வசந்தத்தில் வெயில் ஏறியதும், உறங்கிக் கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொண்டு, மூடிய புட்டிக்குள் கரியமில வாயுவைப் பெருக்கும். ஒரு புட்டி வெடித்தால் அதன் சில்லு பட்டு அடுத்ததும் வெடிக்கும். பிற்காலத்தில் நிலவறைக்குள் இறங்கிய தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்தே வேலை செய்தார்கள். பெரிஞோன் இந்த நுரையைத் தவிர்க்கவே பாடுபட்டார். பல தோட்டங்களின் பழங்களைத் தேர்ந்து கலப்பதிலும், கருந்திராட்சையை மென்மையாகப் பிழிந்து நிறமற்ற சாறு எடுப்பதிலும் அவர் காட்டிய தேர்ச்சிதான் அவருடைய உண்மையான பெருமை; அது குறைந்த பெருமையன்று.

திராட்சை மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கும் வழக்கத்தை, அவர் பொறுப்பேற்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1662இல், கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் குறித்துவிட்டார். நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலேயப் புட்டிகள் வலுவானவை என்பதால் அந்த அழுத்தத்தைத் தாங்கின. பெரிஞோனைக் கண்டுபிடிப்பாளராக்கிய கதைக்கு வித்திட்டது, அதே மடத்தைச் சேர்ந்த இன்னொரு துறவி 1821இல் எழுதிய கடிதம்.

கேள்வி: ‘வெவ் கிளிக்கோ’ என்ற ஷாம்பெய்ன் பெயரில் உள்ள ‘வெவ்’ என்பதற்கு என்ன பொருள்? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘விதவை’ என்று பொருள். எத்தனையோ சமூகங்களில் ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்த அந்தச் சொல், இங்கே புட்டியின் நெற்றியில் அச்சாகி உலகமெங்கும் போயிருக்கிறது என்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கும். பார்ப்-நிக்கோல் கிளிக்கோ 1805இல் கணவரை இழந்தபோது அவருக்கு வயது 27. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி மணமான பெண் கணவரின் இசைவின்றித் தொழில் நடத்த இயலாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. அவர் மாமனாரிடம் பேசி நிறுவனத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

நெப்போலியனின் போர்களால் ஐரோப்பியத் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்த நிலை மாறத் தொடங்கிய 1814இல், போட்டியாளர்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகளைக் கப்பலேற்றி ரஷ்யச் சந்தைக்கு அனுப்பிவைத்தார். அவர் விட்டுச்சென்ற இன்னொரு கொடை தொழில்நுட்பம் சார்ந்தது. புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்த பின் ஈஸ்ட் மண்டியாகத் தங்கி மதுவைக் கலங்கலாக்கும். மேசைப் பலகையில் துளைகள் இட்டு, புட்டிகளைக் கழுத்து கீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிவந்தால், மண்டி முழுவதும் மெல்ல இறங்கித் தக்கையின் மேல் படியும். பின்பு தக்கையைச் சட்டென்று திறந்தால் வாயுவின் வேகத்தில் மண்டி மட்டும் வெளியே தெறிக்கும். ஏறத்தாழ 1816இல் அவருடைய நிலவறையில் உருவான இந்த முறையே தெளிந்த ஷாம்பெய்னைத் தந்தது.

கேள்வி: பிரான்சில் ஓர் ஊரில் பறக்கும் தட்டுகளுக்குத் தடை உண்டாமே? — வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. ரோன் ஆற்றங்கரை வட்டாரத்தில், செந்நிற ஒயினுக்குப் பேர்போன ஷாத்தோநஃப்-து-பாப் என்ற ஊர் அது. நாடெங்கும் பறக்கும் தட்டுச் செய்திகள் பரவிய 1954இல், ஊராட்சித் தலைவர் தம் எல்லைக்குள் அவை பறக்கவோ இறங்கவோ கூடாது என்றும், இறங்கினால் பறிமுதல் செய்யப்படும் என்றும் ஆணையிட்டார். ஊர்ப் பெயருக்கு ‘போப்பின் புதிய கோட்டை’ என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் போப்புகள் ரோமை விட்டு அருகிலுள்ள அவிஞ்ஞோனில் வாழ்ந்தபோது கட்டிய கோட்டை அது. ஆனாலும் இந்தப் பெயர் ஊருக்கு அதிகாரப்பூர்வமாக வந்தது 1893இல்தான்.

கேள்வி: பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேர் அமெரிக்காவுடையது என்கிறார்களே, அது எப்படி? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலான கொடிகளைப் பொறுத்தவரை அது உண்மை. 1860களில் தென் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. செத்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 1868இல் தாவரவியலாளர் ழூல்-எமில் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும், இன்னும் பசுமையாக இருந்த ஒரு கொடியைத் தோண்டி வேரை உருப்பெருக்கியில் பார்த்தபோது, மஞ்சள் நிறப் பேன் போன்ற பூச்சிகள் அப்பிக் கிடந்தன. சாறு தீர்ந்த வேரை விட்டு உயிருள்ள வேருக்கு அவை நகர்ந்துவிடும் என்பதால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. ஃபில்லாக்சரா எனப்படும் இப்பூச்சி, அமெரிக்காவிலிருந்து தருவித்த கொடிகளோடு கடல் கடந்து வந்திருந்தது.

அரசு 3,00,000 பிராங்க் பரிசு அறிவித்தது. மண்ணில் இரசாயனம் செலுத்தினார்கள், தோட்டங்களை நீரில் மூழ்கடித்தார்கள், கொடியடியில் தேரையைப் புதைத்தவர்களும் இருந்தார்கள். இறுதியில் தீர்வு, நோய் வந்த திசையிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர் அப்பூச்சியைத் தாங்கி வாழப் பழகியது. அந்த வேரின்மேல் பிரெஞ்சுக் கிளையை ஒட்டுக்கட்டினால், ஒட்டு மாங்கன்றைப் போல, வேர் ஒன்றாகவும் பழம் இன்னொன்றாகவும் இருக்கும். தங்கள் மதுவின் தூய்மை கெடும் என்று அஞ்சிய உழவர்கள் நெடுநாள் இதை எதிர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்த கொடியை அயல் வேரில் ஏற்றுவது அவர்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பரிசுத்தொகையோ கடைசிவரை யாருக்கும் வழங்கப்படவில்லை.

பிராந்திக்குப் பேர்போன பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தின் சுண்ணாம்பு மண்ணில் அமெரிக்க வேர்கள் பல பிழைக்கவில்லை. அதற்கு ஏற்ற காட்டுக் கொடிகளை டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் காட்டித் தந்த டி. வி. மன்சன் என்ற தோட்டக்கலை அறிஞருக்கு, 1888இல் பிரெஞ்சு அரசு உயரிய விருது ஒன்றை அளித்தது. அவர் வாழ்ந்த டெனிசன் நகரமும் கோன்யாக் நகரமும் இன்று சகோதர நகரங்களாக இருக்கின்றன.