கட்டுக்காசும் கணக்கும்

அன்புள்ள அண்ணா,
நுண்கடன் (ஈடில்லாதவர்களுக்குக் குழுவாகக் கொடுக்கும் சிறுகடன்) பற்றி எழுதியபோது, பொருளியலுக்கு ஒரே ஆய்வுமுறை போதாது, பல வேண்டும் என்றிருந்தீர்கள். தரவும் கணித மாதிரியும் இல்லாதது பொருளியலே இல்லை என்கிறார் எங்கள் விரிவுரையாளர். எல்லா முறையும் சரியென்றால் எதையுமே பிழை என்று சொல்ல முடியாதே?
க., கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,
நியாயமான கேள்வி. ‘எல்லாம் சரி’ என்று கைகழுவுகிற பன்மைத்துவம் வெறும் சோம்பல்தான்.

நுண்கடனையே பாருங்கள். கடன் கொடுத்த கொம்பனியின் பேரேட்டில் பெண்கள் கிழமைக்கிழமை கட்டுக்காசைத் தவறாமல் கட்டியிருப்பார்கள். திட்டம் வெற்றி என்று எழுதிவிடலாம். முற்றத்தில் இருந்து கதைத்தால் வேறொன்று தெரியவரும். காப்பு அடகில் இருக்கும். இல்லாவிட்டால், செவ்வாய்க்கிழமை கட்டவேண்டிய காசைத் திங்கட்கிழமை இன்னொரு கொம்பனியில் எடுத்திருப்பார். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்டவேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை முறிக்க முடியாமலே பலர் கட்டுகிறார்கள். பேரேடு பொய் சொல்லவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்று அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, கதை கேட்டால் போதுமா? பத்துப் பேர் சொன்னது வன்னி முழுக்கப் பொருந்துமா என்று அறியக் கணக்கெடுப்புத்தான் வேண்டும். இந்தக் கடனுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி வந்தது என்றால் வரலாற்றுக்குப் போகவேண்டும்: 2009இல் போர் முடிந்தபின் மாடும் நகையும் இழந்து, பலர் காணி உறுதியும் இல்லாமல் மீளக்குடியேறியபோது வங்கியில் ஈடுவைக்க என்ன இருந்தது?

எண் கதையைத் திருத்திய இடமும் உண்டு. நுண்கடனுக்கான விளம்பரம் முழுக்க, கடன் எடுத்து முன்னேறிய பெண்களின் கதைகள்தான். பொருளியலாளர்கள் பானர்ஜியும் டுஃப்லோவும் சகாக்களும் ஹைதராபாத்தில் நுண்கடன் முதலில் போகும் பகுதிகளைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 2015இல் வெளியிட்டார்கள். சராசரிக் குடும்பத்தின் வாழ்வில் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. அந்த விளம்பரம் பிழை என்று இப்போது துணிந்து சொல்லலாம், இல்லையா? (குலுக்கல் ஆய்வுதான் இனி எல்லாவற்றுக்கும் மருந்து என்பவர்களோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது.)

ஒரே ஆள் பல முறைகளையும் கையாண்டதும் உண்டு. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் நேபாளத்து நீர்ப்பாசன வாய்க்கால்களை ஆராய்ந்தார். ஆய்வுகூடத்தில் மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருப்பதை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டுக் கணிதமும் எழுதினார். நீங்களும் அப்படி ஆராய, கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் பக்கத்தில்தானே இருக்கிறது? சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பதென்று முடிவெடுப்பார்கள். கணித மாதிரியை விரிவுரையாளரிடம் ஒழுங்காகப் படித்துக்கொண்டு போங்கள். அங்கே போனதும் கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.