சின்ன விவசாயிகள் உண்மையிலேயே புதிய தொழில்நுட்பத்துக்கு மாறுகிறார்களா?

மாறுகிறார்கள், ஆனால் ட்ரோன் பறக்கும் படங்களில் காட்டுவதுபோல் இல்லை. திண்டுக்கல், திருப்பூர் பக்கம் போய்ப் பாருங்கள், கிணற்று மேட்டில் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தால் முன்பு மோட்டார் போட டார்ச்சோடு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டும். இப்போது படுத்தபடியே ஒரு போன், மோட்டார் ஓடும். கிணறு வற்றினால் தானே நின்றுவிடும். (ரீசார்ஜ் செய்ய மறந்தால் பழையபடி நடைதான்!)

அப்புறம் சொட்டுநீர்ப் பாசனம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். தண்ணீர் மிச்சம் என்பார்கள். என்னைக் கேட்டால் ஆள் கிடைக்காததுதான் பெரிய காரணம். வாய்க்கால் மாற்றிவிட ஆள் வேண்டாம், உரமும் குழாயிலேயே போய்விடும்.

சந்தைதான் இன்னும் சிக்கல். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் இன்று தக்காளி என்ன விலை என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பறிக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். சரி, விலை தெரிந்துவிட்டது. ஆனால் பழுத்த தக்காளி காத்திருக்காதே! மஞ்சள் என்றால் குடோனில் வைத்துக் காத்திருக்கலாம். அதனால் பலர் பயிரையே மாற்றிக்கொள்கிறார்கள்.