ஒரு முகத்துக்கு எத்தனை ரேசர்?

மலையில் குளிர் ஏறினால் முகம் வறளும், ஷேவ் எரியும், அப்புறம் பழி ரேசர் மேல் விழும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஒரு ரேசர் சரிப்படவில்லை, இரண்டு பிடிக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணா, முதல் சுற்றுக்கு மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் (தலையோடு மாற்றும் ரகம்), இரண்டாவது சுற்றுக்கு சேஃப்டி ரேசர் (ஒரே பிளேடைக் கழற்றி மாட்டும் ரகம்) என்று இரண்டையும் பயன்படுத்துகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். நான் செய்வது சரியா? (கோத்தகிரி)

இரண்டு ரேசர் வைத்திருப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

கார்ட்ரிட்ஜில் முன்னால் இருக்கும் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். 1971-இல் ஜில்லெட் 'டிராக் 2' என்ற இரட்டை பிளேடைக் கொண்டுவந்ததிலிருந்து, 1998-இன் 'மாக் 3' உட்பட, இதே கணக்குதான். ஆக, உங்கள் முதல் சுற்று முடியும்போதே முடி தோல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் சேஃப்டி ரேசரை ஓட்டினால் வெட்ட முடி இருக்காது, தோல்தான் சுரண்டப்படும். எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

சுற்றுக்கு ஒரு ரேசர் என்று பிரித்தே ஆக வேண்டுமென்றால் மாற்றிப் பிடியுங்கள். முடி நீளமாக இருக்கும் முதல் சுற்றை, முடி வளரும் போக்கிலேயே, பிளேடு நன்றாக வெளியே தெரியும் சேஃப்டி ரேசரால் எடுங்கள். மறுபடி நுரை போட்டு, இரண்டாவது சுற்றைக் குறுக்காக, மிருதுவான, அதாவது பிளேடு கொஞ்சமாக மட்டும் வெளியே தெரியும் ரேசரால் எடுங்கள். உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தியால் யாரும் கொழுந்து எடுப்பதில்லை.

எனக்குப் பிடித்த முறை வேறு. சுற்றைப் பிரிக்காமல் முகத்தைப் பிரிப்பேன். கன்னம் அகலமான சமதளம். அங்கே கனமான சேஃப்டி ரேசரோ, பழக்கம் இருந்தால் சவரக் கத்தியோ அருமையாக ஓடும். மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுப்பள்ளத்தில் தடித்த தலை உள்ள எந்த ரேசரும் நுழையாது. அங்கே மெல்லிய தலை உள்ள பழைய மாடல் ஒன்று போதும். மோவாயும் தாடை வளைவும்தான் பெரும்பாலும் கீறல் விழும் இடம். அங்கே மிருதுவான ரேசர். இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரேசர்தான் படுகிறது, தோலுக்குக் கூடுதல் வேலை இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. பிளேடு இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ரேசர்கள் கிடைக்கின்றன. இந்தியாவில் தயாராகும் பார்க்கர் வேரியண்ட் அந்த ரகம். முதல் சுற்றுக்கு இடைவெளியைக் கூட்டி, அடுத்ததற்குக் குறைத்துக்கொண்டால் கையில் ஒன்றுதான், வேலை இரண்டு.

இதெல்லாம் முடியை ஊற வைத்த பிறகுதான். வெந்நீரும் நுரையும் முகத்தில் இரண்டு மூன்று நிமிடமாவது இருக்க வேண்டும். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நான்காவது ரேசர் வாங்கி ஒரு பயனும் இல்லை.

எஸ்டேட்டில் வேலை. வாரத்துக்கு இரண்டு முறைதான் ஷேவ். கார்ட்ரிட்ஜ் உடனே அடைத்துக்கொள்கிறது. (கூடலூர்)

அடைக்கத்தான் செய்யும். தாடி முடி நாளொன்றுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். நான்கு நாளில் அது ஒன்றரை மில்லிமீட்டர் வரை போகும். நெருக்கமாக அடுக்கிய பிளேடுகளுக்கு நடுவே அந்த முடியும் நுரையும் சிக்கிக்கொள்ளும். உங்களுக்கு இரண்டு கருவி நியாயமானது. ஊற வைப்பதற்கு முன் டிரிம்மரை ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள், அப்புறம் எந்த ரேசரும் போகும். டிரிம்மர் இல்லையென்றால் சீப்புப் பல் மாதிரி வெட்டு உள்ள தலை கொண்ட சேஃப்டி ரேசர் வாங்குங்கள். நுரையும் முடியும் பல் வழியாக வெளியேறிவிடும்.

மகன் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான், தினமும் முழுச் சவரம் கட்டாயம். கழுத்தில் சிவப்புக் கட்டிகள். ஐந்து பிளேடு ரேசர் முடித்ததும் இன்னொன்றால் 'ஃபினிஷிங்' வேறு செய்கிறான். (வெலிங்டன்)

அந்த ஃபினிஷிங்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் சார்.

சுருள் முடி உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி வழக்கமாக வரும். தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி, மேலே வரும்போது வளைந்து பக்கத்துத் தோலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உடம்பு அதை முள் குத்தியதுபோல எடுத்துக்கொண்டு சிவந்து வீங்குகிறது. ஐந்து பிளேடு ரேசர் முடியை எவ்வளவு ஆழமாக வெட்டுகிறதோ, இந்தத் தொல்லையும் அவ்வளவு கூடும்.

ஒரே பிளேடு உள்ள ரேசர், ஒரே சுற்று, முடி வளரும் போக்கில் மட்டும். கழுத்தில் அந்தப் போக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. குரல்வளை மேட்டுக்கு மேலே கீழ்நோக்கியும், அதற்குக் கீழே மேல்நோக்கியும் பலருக்கு வளரும். இரண்டு நாள் முடியோடு இருக்கும்போது விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோலை இழுத்துப் பிடித்து ஷேவ் செய்யக் கூடாது. அணிவகுப்பில் ஒரு அடி தள்ளி நிற்பவருக்கு ஒரு சுற்று ஷேவே முழுச் சவரமாகத்தான் தெரியும். கட்டிகளில் சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பட்டாளத்திலேயே பார்ப்பார்கள்.

ஒரே பிளேடைக் கழற்றி இரண்டாவது ரேசரில் போட்டுக்கொள்ளலாமா? (ஊட்டி)

தாராளமாக. இரண்டு பக்கமும் கூர் உள்ள சேஃப்டி ரேசர் பிளேடு எல்லாம் ஒரே அளவு, தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். கூர் படாத இரண்டு முனைகளைப் பிடித்து எடுங்கள், துடைக்காதீர்கள், உதறினால் போதும்.

சொல்லப்போனால் இரண்டு ரேசரை ஒப்பிட இதுதான் நேர்மையான வழி. டோபாஸ் பிளேடு போட்ட ஒன்றையும் செவன் ஓ கிளாக் பிளேடு போட்ட இன்னொன்றையும் வைத்துக்கொண்டு எந்த ரேசர் நல்லது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் மற்றது என்று ஓட்டுங்கள். மறுநாள் பக்கத்தை மாற்றுங்கள். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் சுமாராகத்தான் வரும், அந்தப் பழியை ரேசர் சுமக்கக் கூடாது.

தாத்தா வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த பெட்டி. உள்ளே ஏழு சவரக் கத்திகள், ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமை பொறித்திருக்கிறது. ஏழையும் எப்படிப் பயன்படுத்துவது? (குன்னூர்)

கொடுத்து வைத்தவர்! ஒரே ஷேவில் ஏழு என்று எண்ணிவிட வேண்டாம், கிழமைக்கு ஒன்று. வெட்டு முனைக்கு ஓய்வு கொடுத்தால் கூர் திரும்பும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஓய்வால் எஃகு கூராகாது. ஆறு நாள் சும்மா கிடப்பதில் நன்றாகக் காய்ந்துவிடும், அதுதான் லாபம்.

முதலில் ஒன்றிரண்டை மட்டும் சாணை தெரிந்தவரிடம் கொடுத்துக் கூர் ஏற்றுங்கள். ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் தோல் வாரில் தீட்ட வேண்டும், முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர. மாற்றிப் போனால் வாரும் வெட்டுப்படும், கூரும் போகும்.

குன்னூர் ஈரத்தில் துரு பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். எண்ணெய் தடவி வையுங்கள், ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும், நாளானால் சிக்கு வாடையும் அடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், ஷேவுக்கு முன் சோப்பால் கழுவிவிடுங்கள். பழைய செல்லுலாய்டு கைப்பிடியாக இருந்தால் மூடிய பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்காதீர்கள். அது சிதையும்போது கிளம்பும் ஆவி பக்கத்துக் கத்தியையும் அரிக்கும். கைப்பிடி தந்தம் என்றால் விற்கும் யோசனையே வேண்டாம், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம்.

நானும் தம்பியும் ஒரே ரேசர். கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துவிடுகிறோம், போதாதா? (ஊட்டி)

போதாது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியிலேயே ஒரு முக்கு முக்குவது கிருமி நீக்கம் ஆகாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும், அது உள்ளே போகக் கண்ணுக்குத் தெரியாத கீறலே போதும். ஒரு வீட்டில் இரண்டு ரேசர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சலூனிலும் உங்கள் கண் முன்னால் புது பிளேடை உடைத்துப் போடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஷேவ் முடிந்ததும் நீலகிரித் தைலம் தடவலாமா? (லவ்டேல்)

கூடாது. கலப்படமில்லாத தைலம் கீறல் விழுந்த தோலைப் பொசுக்கும். குளிர்ந்த நீர், ஈரப் படிகாரம் ஒரு தேய்ப்பு, கழுவல், கொஞ்சம் மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான்.

இரண்டு ரேசர் வைத்ததில் தீர்ந்த பிளேடும் இரட்டிப்பாகிவிட்டது. எங்கே போடுவது? (கோத்தகிரி)

குப்பைத் தொட்டியில் அப்படியே போடாதீர்கள். நம் ஊரில் குப்பையைக் கிளறுவது நாய் மட்டுமல்ல, காட்டெருமையும் கரடியும் குரங்கும்தான். தூய்மைப் பணியாளரின் விரல் அதற்கு முன்னாலேயே அதில் படும். பழைய பால் பவுடர் டின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டிவிடுங்கள். கீறல் வழியாக ஒவ்வொரு பிளேடாகப் போட்டு வாருங்கள். பல வருடம் தாங்கும். நிறைந்ததும் கீறலையும் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, பழைய இரும்பு எடுப்பவரிடம் சொல்லியே கொடுங்கள்.