விற்ற பங்குகளை மட்டும் எண்ணினால் சார்பு தெரியாது

உங்கள் ஆய்வுத் தரவில் விற்பனைகளில் 80 விழுக்காடு லாபத்தில் முடிந்தவை என்கிறீர்கள். அதை மட்டும் வைத்து, முதலீட்டாளர்கள் லாபப் பங்குகளை அவசரமாக விற்று நட்டப் பங்குகளை விடாமல் வைத்திருக்கும் சார்பு உடையவர்கள் என்று நிறுவ முடியாது. இந்த எண் சார்பைக் காட்டாது என்ற உங்கள் ஆய்வு நெறியாளரின் மறுப்பு நியாயமானதே.

ஏறுமுகச் சந்தைத் தரவு என்பதுதான் காரணமாக இருக்கக்கூடும். கையிருப்பில் 80 பங்குகள் லாபத்திலும் 20 நட்டத்திலும் இருக்கும்போது, ஒருவர் எந்தச் சார்பும் இல்லாமல் பத்தை விற்றாலும் சராசரியாக எட்டு லாபத்தில்தான் இருக்கும்.

ஒவ்வொரு கணக்கிலும் விற்பனை நடந்த நாளில், விற்காமல் வைத்திருந்த பங்குகளையும் வாங்கிய விலையோடு ஒப்பிட்டு லாபம், நட்டம் எனப் பிரியுங்கள். விற்ற லாபங்களின் எண்ணிக்கையை, விற்றதும் விற்காததுமான எல்லா லாபங்களின் எண்ணிக்கையால் வகுங்கள், நட்டத்துக்கும் அவ்வாறே. முதல் விகிதம் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் சார்பு உண்டு. அமெரிக்கத் தரகுக் கணக்குகள் 10,000-ஐ ஆராய்ந்து நிதியியல் ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இவை 0.148, 0.098.

பங்குப் பிரிப்புக்கு (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பதால் ஒரு பங்கின் விலை குறைவதற்கு) ஏற்ப வாங்கிய விலையைத் திருத்தாவிட்டால் லாபமே நட்டமாகத் தோன்றும். இதை முதலில் பாருங்கள். வரியைக் குறைக்க நட்டப் பங்குகளை விற்கும் ஆண்டிறுதி மாதத்தையும் தனியே கணக்கிடுங்கள், ஏனெனில் ஓடியனின் தரவில் டிசம்பரில் இப்போக்கு தலைகீழானது.